உன் இஷ்டம்

அக்கா, தம்பிகள் இருவருக்கும்
ஜனவரி 9

அன்புள்ள பெரியவனுக்கும் சின்னவனுக்கும்,

நான் இருக்கிறேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவனே, மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்று சந்தேகப்பட்டு இரண்டாவது தடவை விழுங்காதே. சின்னவனே, பட்டறையில் பழைய டயருக்குப் புது ரப்பர் வைத்து வேகவைக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் வீட்டை விற்கிறார். ஏப்ரல் முடிவதற்குள் நான் காலி செய்ய வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கால் இழுக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறேன், அவ்வளவுதான். இனிமேல் தனியாக ஒரு வீடு பிடித்து இருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு நீங்கள் இரண்டு பேர்தான்.

போன் வேண்டாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே பேசவைத்தவளுக்கு இப்போது நாக்கு புரளவில்லை. நான் ஹலோ என்றால், "யாருங்க அது? சரியா கேக்கல" என்கிறார்கள். உங்கள் இருவருக்கும் இடையிலும் போன் வேண்டாம். மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும், நான்காவதில் சின்னவன் போனை வைத்துவிடுவான். எழுதுங்கள். எழுதினால் கொஞ்சமாவது யோசிப்பீர்கள்.

கார்பன் வைத்து எழுதுகிறேன். ஒருவனுக்கு ஒரு சொல் கூடவும் இல்லை, ஒருவனுக்குக் குறையவும் இல்லை. யாரிடம் வருவது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் இஷ்டம்.

அக்கா

பெரியவன், சின்னவனுக்கு
ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. முழங்கால் வலியைக் குறையென்று சொல்லலாமா என்பதும் தெரியவில்லை.

அக்காவின் கடிதம் கிடைத்திருக்கும். எனக்கு வந்தது மேல்தாள். உடனே எழுத உட்கார்ந்தேன், எழுதியது சரியாக இல்லை என்று கிழித்தேன், அதனால்தான் தாமதம்.

கல்லூரியில் நான் கடைசியாக நடத்திய பாடம் ஆட்டக் கோட்பாடு. பெயரைப் பார்த்துச் சீட்டாட்டம் என்று நினைத்துவிடாதே. என் முடிவு உன் முடிவைப் பொறுத்தது, உன்னுடையது என்னுடையதைப் பொறுத்தது என்னும் இடங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று கணிக்கிற கணிதம் அது. அதில் ஒரு நிலைமை உண்டு. தெருவில் ஒருவர் மயங்கி விழுகிறார். பார்த்தவர் ஒரே ஆள் என்றால் ஓடிப்போய்த் தூக்கிவிடுவார். பலர் பார்த்தால், வேறு யாராவது தூக்குவார்கள் என்று ஆளாளுக்கு நின்றுவிடுவார்கள். அவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் விழுந்தவர் விழுந்தபடியே கிடப்பார். நமக்குள் அப்படி ஆகிவிடக் கூடாது.

ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. உன் வீடு தரைத்தளம். முன்னறையில் நீ டயர்களை அடுக்கி வைத்திருக்கிறாய். டயர்கள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அக்கா அப்படி இருக்க முடியாது. "உங்கள் இஷ்டம்" என்று முழுச் சுதந்திரத்தையும் நமக்கே தந்திருப்பதால் அவர்களுக்கு வருத்தமும் இருக்காது.

என் யோசனையில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்.

அன்புடன்,
அண்ணன்

சின்னவன், பெரியவனுக்கு
பிப்ரவரி 14

அண்ணா,

இங்க எல்லாரும் நல்லாத்தான் இருந்தோம், உங்க லெட்டர் வர்ற வரைக்கும். உங்க முழங்கால் எப்படி இருக்கு? தினம் மூணு மாடி ஏறுதுல்ல, நல்லாத்தான் இருக்கும்.

நான் புத்தகத் தமிழ்ல எழுதினா ரெண்டாவது வரியில உங்க சிவப்புப் பேனா வந்துரும். அதனால பேசற மாதிரியே எழுதறேன்.

உங்களுக்கு மேல்தாள், எனக்குக் கார்பன். இதுல என்ன புதுசு? உங்க சட்டை, உங்க செருப்பு, உங்க ஸ்கூல் பை, எனக்கு வந்தது எல்லாமே கார்பன் காப்பிதானே.

பிழை இருந்தா சொல்லுன்னீங்க. சொல்றேன். "உங்கள் இஷ்டம்"னா சுதந்திரமா? அளவுகோலே! வீட்ல உங்களுக்கு இந்தப் பேரை சும்மாவா வெச்சோம்? நான் படிப்பை விட்டுட்டுப் பட்டறைக்குப் போறேன்னு சொன்னப்ப அக்கா "உன் இஷ்டம்"னாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் என் தட்டைத் தரையில வெச்ச சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. "உன் இஷ்டம்"னா, "என் இஷ்டம் என்னன்னு நான் சொல்லாமலே உனக்குத் தெரியணும்"னு அர்த்தம். இவ்ளோ படிச்சும் இது தெரியலையா?

அவங்க இஷ்டம் உங்ககூட இருக்கறதுதான். என் வீட்ல ஒரு ரூம்ல என் மாமியார். இன்னொண்ணுல நான், அவ, பொண்ணு. முன்னறைதான் பட்டறையோட வயிறு, அதை எடுத்தா உசுரு போயிரும். நீங்க ஒண்டிக்கட்டை, ரெண்டு ரூம். ஒண்ணுல நீங்க, இன்னொண்ணுல புஸ்தகம். புஸ்தகம் எங்க வேணா இருக்கலாம் அண்ணா. மாடி ஏற முடியலைன்னா கீழ ஒரு வீடு பாருங்க.

தெருவுல விழுந்தவரைப் பத்தி எழுதினீங்களே, அதுல எட்ட நின்னு கணக்குப் போடற ஆளு நீங்கதான். நான் அசையப் போறதில்ல.

மிளகாய்
(நீங்க வெச்ச பேருதான்)

பெரியவன், சின்னவனுக்கு
பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்ற வரியைப் படித்து மகிழ்ந்தேன். அதற்குப் பிறகு மகிழ எதுவும் இல்லை.

எனக்குக் கோபமே வராது என்று நினைக்கிறாய். வருகிறது. வந்தவுடன் இது நியாயமான கோபம்தானா என்று சரிபார்க்கிறேன். சரிபார்த்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுகிறார். இந்த முறை சரிபார்த்துவிட்டேன். நியாயமான கோபம்தான்.

"அசையப் போவதில்லை" என்று எழுத ஒரு தபால்தலை போதும். சொல்பவருக்குச் செலவில்லாத சொல்லை யாரும் நம்ப வேண்டியதில்லை. நானும் நம்பவில்லை. நம்பத் தக்கது எது என்பதற்கு வகுப்பில் ஓர் உதாரணம் சொல்வேன். ஒரு லாரி மட்டுமே போகக்கூடிய பாலம். இரு முனையிலிருந்தும் இரண்டு லாரிகள் வருகின்றன. யாராவது ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்தவருக்குத் தோல்வி, இருவரும் மிதிக்காவிட்டால் இருவருக்கும் சாவு. இதில் வெல்ல ஒரு வழி இருக்கிறது. தன் லாரியின் பிரேக்கையே பிடுங்கி, எதிரில் வருபவன் பார்க்கும்படி ஜன்னல் வழியாக எறிந்துவிடுவது. "என்னால் இனி நிறுத்த முடியாது" என்று தெரிந்தபின் அவன் நிறுத்தித்தானே ஆக வேண்டும்?

நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் எதையும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

உன் மாமியாரின் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை எப்படி இருக்கிறது? விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

பெரியவன், சின்னவனுக்கு
மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் தெரியவில்லை. என் கடிதத்துக்குப் பதில் இல்லை. மௌனமும் ஒரு நகர்வுதான், அதைப் புரிந்துகொண்டேன்.

நேற்று என் இரண்டாம் அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கும் ஓர் இளைஞர். அமைதியானவர். ஓராண்டு ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. புத்தகங்களைக் கூடத்தில் சுவரோரமாக அடுக்கிவிட்டேன். நடக்கச் சிறிது இடம் இருக்கிறது.

இனி நான் விரும்பினாலும் அக்காவை இங்கு அழைத்துவர முடியாது. ஆகவே முடிவு உன் கையில் மட்டுமே இருக்கிறது. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். நீ வாயால்தான் கெட்டவன்.

அண்ணன்

சின்னவன், பெரியவனுக்கு
மார்ச் 18

அண்ணா,

சௌக்கியமா? நாங்க சௌக்கியம். மாமியாருக்கு இப்பக் கண்ணு நல்லாத் தெரியுது. நான் செய்யற தப்பெல்லாம்கூடத் தெரியுது.

உங்க பிரேக் கதையைப் பட்டறையில எல்லாருக்கும் சொன்னேன். லாரியைப் பத்தி எங்களுக்கே பாடம் எடுக்கறாருடா எங்கண்ணன்னு சிரிச்சோம். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். மனுஷன் விவரமாத்தான் சொல்லியிருக்காரு.

முன்னறைக்கும் பட்டறைக்கும் நடுவுல இருந்த சுவரை இடிச்சாச்சு. டயர் வேகவைக்கற புது மெஷின் வந்தாச்சு, கான்கிரீட் போட்டு போல்ட்டும் முறுக்கியாச்சு. அடுக்கி வெச்ச டயரெல்லாம் கொல்லைப்பக்கம் போயாச்சு. இப்ப அந்த ரூமுல கட்டில் இல்ல, ஒரு ஸ்டூல் போடக்கூட இடமில்ல. என் பொண்டாட்டி ரெண்டு நாளா என்கூடப் பேசல. "உங்க இஷ்டம்"னு சொல்லிட்டுப் போனா. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்.

இருந்தாலும் இதோ என் பிரேக்கு. உங்க ஜன்னல் வழியா வந்து விழுந்துருக்கும், எடுத்துப் பாருங்க. இப்ப நீங்க நிறுத்துங்க.

மிளகாய்

சின்னவன், பெரியவனுக்கு
மார்ச் 24

சௌக்கியம் கேக்க மாட்டேன்.

நீயெல்லாம் ஒரு அண்ணனாய்யா? அக்காவுக்காக ஒரு இஞ்சு நகராத புஸ்தகம், வாடகைக்காரனுக்கு நகர்ந்துச்சா? அதுவும் யாருக்கு? நர்ஸுக்கு! பக்கவாதம் வந்தவ தெருவுல நிக்கப்போறா, அவளுக்குக் குடுக்க வேண்டிய ரூமுல ஒரு நர்ஸை உக்கார வெச்சிருக்கே. இந்தக் கணக்கை எந்தக் காலேஜுல படிச்சே?

நானும் இடிச்சேன்தான். ஆனா நீ இறங்கி வருவேன்னு நம்பி இடிச்சேன். நீ பயந்தவன். பயந்தவன் நிறுத்துவான்னு நம்பினேன்.

உன் லெட்டரெல்லாம் அக்காவுக்கு அனுப்பப்போறேன். படிக்கட்டும்.

அக்கா, தம்பிகள் இருவருக்கும்
மே 6

பெரியவனுக்கும் சின்னவனுக்கும்,

உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கமாட்டேன். தெம்பில்லாதவன் சுவர் இடிக்கமாட்டான், புத்தகமும் சுமக்கமாட்டான்.

நான் வீட்டைக் காலி செய்துவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்தவள் ஒருத்தி வந்து, மேலே முகவரி எழுதியிருக்கிற இந்த முதியோர் இல்லத்தில் எனக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்தாள். என்னை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கியது வீட்டை வாங்கியவரும் அவருடைய டிரைவரும். அந்த டிரைவர் கேட்டார்: "ஏம்மா, உங்களுக்குன்னு யாரும் இல்லையா?" பதில் சொன்னேன். நல்லவேளை, என் பேச்சு அவருக்குப் புரியவில்லை.

சின்னவன் பெரியவனுடைய கடிதங்களை அனுப்பினான், "பாருங்க உங்க செல்லத் தம்பி லட்சணத்தை" என்று. பெரியவன் சின்னவனுடைய கடிதங்களை நகலெடுத்து, மேலே "தங்கள் தகவலுக்காக" என்று எழுதி அனுப்பினான். தகவல் கிடைத்தது. பெட்டி கட்டிக்கொண்டே படித்தேன்.

பாலம், இரண்டு லாரி, பிரேக். நல்ல கதை. அதில் நான் எந்த லாரியில் இருந்தேன் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. நான்தான் பாலம்.

ஜனவரியில் உங்கள் இருவருக்கும் எழுதினேன். எனக்குப் பதில் எழுதியவன் எவன்? அவன் உனக்கு எழுதினான், நீ அவனுக்கு எழுதினாய். தபால்காரர் நாலு மாதம் உங்களுக்காக ஓடினார். எனக்கென்று ஒரு பதிலோடு என் வாசலுக்கு வரவில்லை. "அக்கா, உங்களுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?" ஒருவனுக்கும் இந்த ஒரு வரி வரவில்லை.

எக்ஸ்சேஞ்சில் இப்படி நடக்கும். ஒரே நேரத்தில் அவன் இவனைக் கூப்பிடுவான், இவன் அவனைக் கூப்பிடுவான். இரண்டு பக்கமும் எங்கேஜ்டு. "வேற யாரோடயோ பேசிட்டிருக்கான்" என்று இரண்டு பேரும் ரிசீவரை அறைவார்கள். போர்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் குறுக்கே நுழைந்து, "சார், கொஞ்சம் வைங்க கீழ" என்பேன். இந்த நாலு மாதமும் எனக்கு வாய் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"உங்கள் இஷ்டம்" என்று எழுதினேன். என்னை வைத்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. அதை என் தப்பாக எடுத்துக்கொள்கிறேன். மீதி உங்களுடையது.

வந்து நிற்காதீர்கள். முகவரி எழுதியது தபால்காரருக்காக.

அக்கா

சின்னவன், பெரியவனுக்கு
ஜூன் 2

அண்ணா,

உங்க மேல இருக்கற கோவம் போகல. முதல்லயே சொல்லிட்டேன். முழங்கால் எப்படி இருக்கு?

வராதேன்னு எழுதியிருந்தாங்க, நான் போனேன். ரெண்டு பக்கமும் வேப்பமரம், நடுவுல கேட்டு. வாட்ச்மேன் உள்ள போய்க் கேட்டுட்டு வந்து, "அம்மா தூங்கறாங்களாம், நீங்க போகலாம்னு அவங்களே சொன்னாங்க"ன்னான். தூங்கறவங்க எப்படிய்யா சொல்லுவாங்கன்னேன். அவனும் சிரிச்சான், நானும் சிரிச்சேன். அப்புறம் எனக்கு அழுகை வந்துருச்சு. வாட்ச்மேன் ஸ்டூலைக் குடுத்துட்டு எழுந்து நின்னுக்கிட்டான்.

நான் போகல, உக்காந்தே இருந்தேன். கொஞ்ச நேரங் கழிச்சு உள்ளேர்ந்து ஒரு ஆயா வந்தாங்க. கையில அக்காவோட வாக்கர். "இதோட கால்ல ரப்பர் தேஞ்சு போச்சாம், வழுக்குதாம். கேட்டுல ஒரு ரப்பர்காரன் உக்காந்திருக்கானாமே, அவன்கிட்டக் குடுன்னாங்க"ன்னாங்க. வேற ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல.

பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் லாரி டயர் ரப்பரை வெட்டி நாலு காலுக்கும் பூட்டினேன். இனிமே அது வழுக்கணும்னா பூமிதான் நகரணும். கொண்டுபோய்க் குடுத்தேன். மூஞ்சியைக் காட்டல. ஜன்னல் திரை மட்டும் அசைஞ்சுது.

வீட்ல அவ இன்னும் சரியாப் பேசல. மெஷின் ஓடறப்பல்லாம் என் பொண்ணு, "இது அத்தை ரூமு"ங்கறா. போல்ட்டைக் கழட்ட முடியுமான்னு மெக்கானிக்கைக் கேட்டேன். முடியாதாம். நானே நின்னு முறுக்கச் சொன்னதுதான்.

நீங்க இன்னும் போகலைன்னு தெரியும். அங்க உக்காந்து சரிபாத்துக்கிட்டிருப்பீங்க. பாத்தது போதும்.

தம்பி

பெரியவன், அக்காவுக்கு
ஜூன் 20

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கால் எப்படி இருக்கிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்டு ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதல் தடவையாக என்மேலேயே கோபம் வந்தது. வழக்கம்போல் சரிபார்க்க உட்கார்ந்தேன். சரிபார்க்க எதுவும் இல்லை. வாழ்நாள் முழுதும் ஆட்டக்காரர்கள் யார், அவர்களின் வழிகள் என்னென்ன என்று பலகையில் எழுதித்தான் பாடத்தை ஆரம்பித்தேன். இந்த ஒரு கணக்கில் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் என்று எழுதினேன். மூன்று என்று எழுதியிருக்க வேண்டும். முதல் வரியே தவறு என்றால் மீதியைத் திருத்துவதில் பயனில்லை.

மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதினேன். அதெல்லாம் செலவில்லாத சொல். கிழித்துவிட்டேன். செலவாகிற ஒன்றைச் செய்தால்தான் தாங்கள் நம்புவீர்கள் என்று தோன்றியது. ஆகவே, என் வீட்டை விட்டுவிட்டேன். முழு வீட்டையும் அந்தச் செவிலியரே எடுத்துக்கொள்கிறார். புத்தகங்களைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தாயிற்று. இந்த மாதக் கடைசியோடு எனக்கு இங்கே இடமில்லை. தங்கள் ஊரில் தரைத்தளத்தில் ஒரு வீடு எடுத்து, நாம் இருவரும் சேர்ந்து இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இது சரியா தவறா என்று தெரியவில்லை. ஆனால் திரும்ப முடியாது.

தங்கள் தம்பி

அக்கா, பெரியவனுக்கு
ஜூன் 27

பெரியவனுக்கு,

காலும் தூக்கமும் நன்றாகத்தான் இருந்தன. உன் கடிதம் வந்த அன்று இரண்டும் கெட்டன.

முட்டாளே! மறுபடியும் பிரேக்கைப் பிடுங்கியிருக்கிறாய். இந்தத் தடவை எதிர் லாரியில் என்னை உட்கார வைத்திருக்கிறாய். வீடு இல்லாமல் வந்து நின்றால் அக்கா எப்படி முடியாது என்பாள், அதுதானே கணக்கு? மன்னிப்பிலும் ஒரு ஆட்டமா? வீட்டைக் காலி செய்யத் தெரிந்தது, புத்தகத்தைக் கொடுக்கத் தெரிந்தது, "அக்கா, நான் வரட்டுமா?" என்று கேட்கத் தெரியவில்லை. அதைக் கேட்டால் நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். சொல்லியிருப்பேன். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பது என்றால் அதுதான்.

உன்னோடு வந்து இருக்கமாட்டேன். எனக்கு இங்கே ஓர் அறை இருக்கிறது. அதன் சாவி என் கழுத்தில் தொங்குகிறது. இதை நானே முடிவு செய்தேன், இனி யாருடைய முன்னறையும் எனக்கு வேண்டாம். சின்னவனுக்கும் இதைச் சொல்லிவிட்டேன். இனிமேல் அவன் அந்த மெஷினை முறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். ரப்பர் நன்றாகத்தான் போட்டிருக்கிறான். போன வாரம் கேட்டுவரை நடந்துபோய் அவனை நேரில் திட்டினேன்.

இல்லத்துக்கு எதிர் வரிசையில், தையல்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். ஆயா சொன்னாள். நான் விசாரிக்கவில்லை. தரைத்தளம், படி கிடையாது, காலை வெயில் மேசைமேல் விழும். குழாயில் தண்ணீர் சன்னமாகத்தான் வரும், ஆனால் நிற்காது. கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று வீட்டுக்காரம்மா என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கிறாள். உன் முழங்காலுக்கு அது போதும்.

பார்வை நேரம் மாலை நாலு மணிக்கு. நான் பேசுவது உனக்குப் பாதிதான் புரியும். புரியாததற்கெல்லாம் தலையாட்டாதே. "என்ன சொன்னீங்க?" என்று கேள். இன்னொரு தடவையும் கேள். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்.

இந்தக் கடிதத்துக்குக் கார்பன் வைக்கவில்லை.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் இப்போதைக்குத் தீராது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அக்கா